யுரேனஸின் வளையத்தைப் பார்த்தது யார்?

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சண்டை வந்தால் காரணம் அரசியலாக இருக்கும், இல்லையென்றால் சொத்தாக இருக்கும். எங்கள் குழுவில் பொங்கல் சமயத்தில் வந்த சண்டைக்குக் காரணம் யுரேனஸ். சித்தப்பா ஒரு ஃபார்வர்டு போட்டிருந்தார். யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதை உலகத்திலேயே முதலில் கண்டுபிடித்தவர்கள் நம்ம காவலூர் விஞ்ஞானிகள்தானாம், அமெரிக்காக்காரன் பெயரைத் தட்டிக்கொண்டு போய்விட்டானாம், தமிழனாக இருந்தால் பத்துப் பேருக்கு அனுப்ப வேண்டுமாம். பெங்களூரில் மென்பொருள் வேலை பார்க்கும் என் தம்பி இந்த மாதிரி செய்திகளைக் கண்டாலே கொதிப்பவன். "சித்தப்பா, இதெல்லாம் சுத்தப் புருடா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டான். சித்தப்பா குழுவை விட்டு வெளியேறினார். சித்தி சமாதானம் பேசி மறுபடி சேர்த்துவிட்டார்.

தம்பி மகள் பத்தாம் வகுப்பு. அவள் தனியாக போன் போட்டாள். "பெரியப்பா, தாத்தா சொல்றது சரியா, அப்பா சொல்றது சரியா? அதை மட்டும் சொல்லுங்க." எதைச் சொன்னாலும் பொய்யாகிவிடும் என்று தோன்றியது. தாத்தா சொன்னதில் கணிசமான உண்மை இருக்கிறது. அப்பா சொன்னதிலும் கொஞ்சம் இருக்கிறது. இரண்டு பேருமே ஒன்றை எடுத்த எடுப்பிலேயே நம்பிவிட்டார்கள்: யாரோ ஒருவர் தொலைநோக்கியில் கண்ணை வைத்தார், யுரேனஸைச் சுற்றி வளையம் தெரிந்தது, கூவினார். அப்படி யாருமே பார்க்கவில்லை. அதை எப்படி ஒரு போன் பேச்சில் சொல்வது என்று அன்றைக்குத் தெரியாததால்தான் இந்தப் பதிவு நீளமாகிறது.

படத்தில் இருப்பதுபோல் இல்லையே

ஜவ்வாது மலையில் ஆலங்காயத்துக்கு மேலே இருக்கும் காவலூர் வான் ஆய்வகத்துக்கு நான் போயிருக்கிறேன். பொதுமக்களுக்காக வைத்திருக்கும் சின்னத் தொலைநோக்கியின் முன்னால் வரிசையில் நின்று சனியைப் பார்த்தேன். எனக்கு முன்னால் நின்றவர் பார்த்துவிட்டு இறங்கும்போது மனைவியிடம், "இவ்வளவுதானா, இத்துனூண்டு இருக்கு, போட்டோவுல இருக்கிற மாதிரி இல்லையே" என்றார். அவர்மேல் தப்பே இல்லை. கோள்கள் நமக்கு அறிமுகமாவது பாடப்புத்தகத்தின் வண்ணப்படங்களாகத்தான். சனி என்றால் வளையம், வியாழன் என்றால் சிவப்புப் புள்ளி, யுரேனஸ் என்றால் ஒரு பச்சை நீலப் பந்து. விண்கலங்கள் பக்கத்தில் போய் எடுத்த படங்கள் அவை. அதற்கு முன்னால் வெளிக்கோள்களைப் பற்றி மனிதர்கள் அறிந்ததெல்லாம், ஒரு சின்ன ஒளித்தட்டிலிருந்து பிழிந்து எடுத்தது.

யுரேனஸின் விட்டம் பூமியைப்போல் நான்கு மடங்கு. அவ்வளவு பெரிய பந்து, தூரத்தின் காரணமாக நம் வானத்தில் நான்கு விகலைக்கும் குறைவான தட்டாகச் சுருங்கிவிடுகிறது. ஒரு பாகையை 3,600ஆகப் பிரித்தால் வருவது ஒரு விகலை. அதன் வளையங்களில் பெரும்பாலானவை பத்து கிலோமீட்டர் அகலம்கூட இல்லாத இழைகள். போதாததற்கு அவை நல்ல கறுப்பு. மேலே விழும் சூரிய ஒளியில் நூற்றுக்குச் சில பங்கைத்தான் திருப்பி அனுப்புகின்றன. 1977இல் பூமியில் நின்றுகொண்டு அந்த இழைகளைப் பிரித்துப் பார்க்கக்கூடிய தொலைநோக்கி எதுவும் கிடையாது.

விண்மீன் விஷயம் வேறு. எவ்வளவு பெரிய தொலைநோக்கியை வைத்தாலும் அது புள்ளிதான். தட்டாக விரியாது. பார்க்க வருகிறவர்களுக்கு இது ஏமாற்றம். ஆனால் வானியலாளருக்கு இதைவிட நல்ல கருவி அமையாது. இரவுப் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து தூரத்தில் எரியும் ஒற்றை விளக்கையே பார்த்துக்கொண்டு வந்தால், நடுவில் ஒரு மின்கம்பம் குறுக்கிடும்போது கம்பம் கண்ணுக்குத் தெரியாது, விளக்கு மட்டும் ஒரு கணம் இல்லாமல் போகும். விளக்கு எவ்வளவு நேரம் மறைந்தது, பேருந்து என்ன வேகத்தில் போகிறது என்று தெரிந்தால் கம்பத்தின் தடிமனைச் சொல்லிவிடலாம். வானியலில் இதற்கு விண்மீன் மறைப்பு என்று பெயர். யுரேனஸ் ஒரு விண்மீனின் முன்னால் நகரும்போது, நாம் இருக்கும் பூமியும் நகர்வதால், 1977 மார்ச்சில் அந்தப் பார்வைக்கோடு யுரேனஸுக்குப் பக்கத்தில் விநாடிக்கு ஏறத்தாழ 12 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தது. விண்மீன் ஒரு விநாடி மங்கினால் பன்னிரண்டு கிலோமீட்டர் அகலத்துக்கு ஏதோ குறுக்கே இருக்கிறது என்று பொருள். படம் எடுக்கவே முடியாத இழையை, ஒரு கடிகாரமும் ஒளியை அளக்கும் கருவியும் பிடித்துவிடும்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. கிரீனிச் ஆய்வகத்தின் கார்டன் டெய்லர் 1973லேயே கணித்துச் சொன்னபடி, யுரேனஸ் மறைக்கப்போகும் விண்மீனின் பெயர் எஸ்.ஏ.ஓ. 158687. துலாம் ராசிப் பக்கம் இருக்கும் மங்கலான மீன், ஏறக்குறைய ஒன்பதாம் தரம் (தர எண் கூடக் கூட ஒளி குறைவு). யுரேனஸோ ஆறாம் தரத்தைவிடச் சற்றுப் பிரகாசம். அதாவது கோள் விண்மீனைவிட பதினைந்து இருபது மடங்கு ஒளி கொண்டது. ஐந்து தரம் என்றால் சரியாக நூறு மடங்கு ஒளி வித்தியாசம், ஒரு தரத்துக்கு 2.512 மடங்கு என்று கணக்கு வகுத்தவர் நார்மன் போக்சன். 1856இல் இங்கிலாந்தில் இருந்தபோது அதை முன்வைத்தார், 1861இல் சென்னைக்கு வந்தார், நுங்கம்பாக்கத்து மதராஸ் வானாய்வகத்தின் பொறுப்பில் 1891இல் சாகும்வரை இருந்தார். அந்த ஆய்வகம்தான் பிறகு கொடைக்கானலுக்குப் போய், அங்கிருந்து கிளைத்து காவலூருக்கும் வந்தது. சித்தப்பாவுக்குப் பெருமைதான் வேண்டுமென்றால் உலகம் முழுக்க இன்றும் நடப்பில் இருக்கும் இந்தக் கணக்கைக் கொண்டாடலாம். என்ன, போக்சன் தமிழர் இல்லை.

யுரேனஸின் ஒளி வெள்ளத்தில் ஒன்பதாம் தர மீன் மங்குவதை எப்படிக் கண்டுகொள்வது? வழி யுரேனஸின் நிறத்திலேயே இருக்கிறது. அதன் வளிமண்டலத்தில் உள்ள மீத்தேன் சூரிய ஒளியின் சிவப்பையும் அதற்கு அப்பாலுள்ள அகச்சிவப்பையும் விழுங்கிவிடுகிறது. மிச்சம் வருவதுதான் நாம் பார்க்கும் நீலப்பச்சை. மீத்தேன் விழுங்கும் அந்த அலைநீளங்களை மட்டும் உள்ளே விடும் வடிகட்டியைக் கருவியில் பொருத்தினால் யுரேனஸ் இருண்டுபோகும், விண்மீன் எடுப்பாகத் தெரியும். பள்ளியில் "மீத்தேன் இருப்பதால் யுரேனஸ் பச்சை நிறம்" என்று ஒரு மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தேன். அதை வைத்து ஒரு கோளையே அணைக்கலாம் என்பது படித்து முடித்துப் பல காலம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

மார்ச் 10, 1977

கணிப்புகளைத் திருத்தத் திருத்த, யுரேனஸின் நிழல் நினைத்ததைவிடத் தெற்கே தள்ளி விழும் என்று தெரிந்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் எலியட், எட்வர்ட் டன்ஹம், டக்ளஸ் மிங்க் மூவரும் நாசாவின் கைப்பர் பறக்கும் ஆய்வகத்தில் ஏறினார்கள். ராணுவச் சரக்கு விமானம் ஒன்றைத் திருத்தி 91 சென்டிமீட்டர் தொலைநோக்கி பொருத்தியது அது. ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து கிளம்பி, தெற்கு இந்தியப் பெருங்கடலுக்கு மேலே, மேகத்துக்கெல்லாம் மேலே பறந்தார்கள். பெர்த் ஆய்வகத்தில் இன்னொரு குழு தயாராக இருந்தது. காவலூரில் ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் 1 மீட்டர் தொலைநோக்கியை யுரேனஸின் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். நம் நேரப்படி அப்போது நள்ளிரவு தாண்டி, தேதி 11 ஆகியிருந்தது.

எல்லோரும் எதிர்பார்த்தது கோள் விண்மீனை மறைக்கும் கணத்தை. அதைக் கொண்டு யுரேனஸின் விட்டத்தையும் அதன் மேல்வளிமண்டலத்தின் வெப்பத்தையும் கணக்கிடலாம் என்பதுதான் திட்டம். வளையம் பற்றிய பேச்சே கிடையாது. கணிப்பில் பிழை இருக்கலாம் என்பதற்காக விமானக் குழு கருவிகளை வெகு முன்னதாகவே ஓட விட்டது. இந்த முன்ஜாக்கிரதை இல்லாவிட்டால் கதை வேறு மாதிரி போயிருக்கும். மறைப்புக்கு அரை மணி நேரத்துக்கும் மேல் இருக்கும்போது விண்மீனின் ஒளி சட்டென்று சரிந்தது. சில விநாடிகளில் பழைய நிலைக்குத் திரும்பியது. மேகமா, கருவிக் கோளாறா என்று யோசிப்பதற்குள் மறுபடி ஒரு சரிவு. பிறகும் சில. அப்புறம் யுரேனஸ் விண்மீனை மறைத்தது, விட்டது. விட்ட பிறகு மறுபுறத்திலும் சரிவுகள் வந்தன.

காவலூர்ப் பதிவிலும் ஒரு சரிவு இருந்தது. பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் அதை ஆராய்ந்து, யுரேனஸுக்கு இதுவரை அறியப்படாத ஒரு துணைக்கோள் இருக்கிறது என்று எழுதினார்கள். அந்தச் சிறு கட்டுரை 1977இல் நேச்சர் இதழில் வெளியானது. சித்தப்பாவின் ஃபார்வர்டில் இல்லாத வரி இதுதான். அதே சமயம், தம்பி புருடா என்று தள்ளிவிட்ட சம்பவம் உலகின் முதன்மையான அறிவியல் இதழில் அச்சாகியிருக்கிறது.

இதை முதன்முதலில் படித்தபோது எனக்குள் ஒரு சின்ன வருத்தம் வந்தது உண்மை. வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு துணைக்கோள் என்று சொல்லிவிட்டார்களே! ஆனால் அன்றைய நிலையில் உட்கார்ந்து யோசித்தால் வேறென்ன சொல்லியிருக்க முடியும்? 1977இல் வளையம் உள்ள கோள் என்று அறியப்பட்டது சனி ஒன்றுதான். அதன் வளையங்கள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அகலம், பிரகாசம். பத்து கிலோமீட்டர் அகலத்தில் ஒரு இழை, ஒரு கோளைச் சுற்றிச் சிதறாமல் நிற்கும் என்று எந்தக் கோட்பாடும் சொல்லவில்லை. அவை எப்படி நிற்கின்றன என்பதற்கு கோல்ட்ரைக்கும் ட்ரெமெய்னும் விளக்கம் தந்தது அதற்கப்புறம், 1979இல். துணைக்கோள்களோ யுரேனஸுக்கு ஏற்கெனவே ஐந்து இருந்தன. ஆறாவது ஒன்று இருப்பதில் என்ன அதிசயம்? விமானத்தில் இருந்தவர்களின் முதல் அறிவிப்பும் சிறு துணைக்கோள்களின் பட்டை என்றுதான் போனது.

எல்லாம் திரும்பிய இடம், விமானப் பதிவை இரண்டு பாதியாகப் பிரித்து ஒப்பிட்டபோதுதான். கோளுக்கு முன்னால் வந்த சரிவுகளையும் பின்னால் வந்த சரிவுகளையும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் யுரேனஸின் மையத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் நேர்ந்தது என்று கணக்கிட்டால், இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் ஐந்து, தூரங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தின. துணைக்கோள் என்றால் ஒரு பக்கம்தான் குறுக்கிடும். இரண்டு பக்கமும் அதே தூரத்தில் குறுக்கிடுவது கோளை முழுதாகச் சுற்றி வளைத்த ஒன்றாகத்தான் இருக்க முடியும். ஐந்தில் வெளியே இருந்த ஒன்று மட்டும் சரியாகப் பொருந்தாமல் முரண்டு பிடித்தது. அது வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாகவும், ஒரு பக்கம் 20 கிலோமீட்டர், இன்னொரு பக்கம் 100 கிலோமீட்டரை நெருங்கும் அகலம் என்று ஒழுங்கில்லாமலும் இருப்பது பிறகு புரிந்தது. எப்சிலான் வளையம் என்று அதற்குப் பெயர்.

காவலூரில் கையில் இருந்தது தனிச் சரிவு. அதற்கு ஜோடி இல்லாமல் வளையம் என்று சொல்வது ஊகம். அந்த ஊகத்தைச் செய்யாமல் விட்டதை நான் குறையாக எண்ணவில்லை. வளையச் செய்தி வந்த பிறகு பட்டாச்சார்யாவும், காவலூர் ஆய்வகத்தை உருவாக்கிய வைணு பாப்புவும் காவலூர்ப் பதிவைப் புதிய கண்ணோடு மறுபடி படித்து, யுரேனஸின் வளைய அமைப்பைப் பற்றி அதே ஆண்டிலேயே நேச்சரில் இன்னொரு கட்டுரை எழுதினார்கள். தட்டிப்பறித்தல், திருட்டு என்றெல்லாம் இதில் எதுவும் இல்லை. ஒரே விண்மீனை வெவ்வேறு இடத்திலிருந்து பார்த்தவர்களின் பதிவுகள் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லியிருக்கின்றன.

அந்த இரவைப் பற்றி இன்னொன்றை நினைத்தால் எனக்கு இப்போதும் தலை சுற்றும். யுரேனஸிலிருந்து பூமிக்கு ஒளி வந்து சேர ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். காவலூர்க் கருவியில் கோடு சரிந்தபோது, அங்கே அந்த ஒளி தடுக்கப்பட்டு இரண்டரை மணி நேரம் ஆகிவிட்டது. யுரேனஸ் கிழக்கு வானில் ஏறிக்கொண்டிருந்த வேளையிலேயே எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. இங்கே மனிதர்கள் அப்போதுதான் கருவிகளைச் சரிபார்த்திருப்பார்கள்.

பார்த்தவர்கள் பட்டியல்

யார் முதலில் பார்த்தது என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் அது எங்கேயும் நிற்பதில்லை. யுரேனஸையே 1690இல் ஃபிளாம்ஸ்டீட் பார்த்து, ரிஷப ராசியின் 34ஆம் விண்மீன் என்று பட்டியலில் சேர்த்துவிட்டார். பிரான்சில் லெமோனியே அதைப் பலமுறை குறித்துவைத்தார், ஒருமுறையும் கோள் என்று தோன்றவில்லை. 1781 மார்ச் 13 அன்று பாத் நகரத்தில் வில்லியம் ஹெர்ஷல் பார்த்தபோது, தட்டாகத் தெரிகிறதே என்று கவனித்தார். ஆனால் அவரும் முதலில் அதை வால்மீன் என்றுதான் சொன்னார். நெப்டியூன் கதை இதைவிடக் கொடுமை. 1612 டிசம்பரிலும் 1613 ஜனவரியிலும் வியாழனைப் பார்த்துக்கொண்டிருந்த கலிலியோ பக்கத்தில் நெப்டியூனைப் புள்ளியாகக் குறித்திருக்கிறார். அது சற்று நகர்ந்ததுபோல் இருக்கிறதே என்றுகூட ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகு 1846 வரை நெப்டியூனுக்குப் பெயர் இல்லை. லெ வெரியே காகிதத்தில் கணக்குப் போட்டுச் சொன்ன இடத்தில் பெர்லினில் கால்லே தேடினார், முதல் இரவிலேயே கிடைத்தது. கண்டவர் என்று கால்லேயைச் சொல்வதா, தொலைநோக்கி இல்லாமல் கணக்கிலேயே கண்ட லெ வெரியேயைச் சொல்வதா?

மறைப்பைப் படிப்பது எளிது என்ற எண்ணமும் யாருக்கும் வேண்டாம். அதே காவலூர்த் தொலைநோக்கி நிறுவப்பட்ட ஆண்டிலேயே, 1972 ஜூன் 7 அன்று, வியாழனின் துணைக்கோளான கேனிமீட் ஒரு விண்மீனை மறைத்தது. காவலூரிலும் இந்தோனேசியாவின் லெம்பாங்கிலும் எடுத்த பதிவுகளை வைத்து, கேனிமீடுக்கு மெல்லிய வளிமண்டலம் உண்டு என்று அறிவித்தார்கள். 1979இல் வாயேஜர் 1 போய் அளந்தபோது அந்த அளவுக்கு அங்கே காற்றே இல்லை. பிறகு ஹப்பிள் தொலைநோக்கி கண்டுபிடித்தது, அதைவிடப் பல மடங்கு மெல்லிய ஆக்சிஜன் படலம். "கேனிமீடின் வளிமண்டலத்தை முதலில் கண்டது காவலூர்" என்றும் ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. அதைச் சித்தப்பா இன்னும் பார்க்கவில்லை என்று நம்புகிறேன்.

எனக்கு உண்மையிலேயே கொஞ்சம் உறுத்துவது பெயர்களில்தான். விமானக் குழு தன் வளையங்களுக்கு ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்ட்டா, எப்சிலான் என்று கிரேக்க எழுத்துகளைச் சூட்டியது. பெர்த் குழு தான் கண்ட சரிவுகளுக்கு எண்கள் கொடுத்திருந்தது. யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்காததால் இன்றைக்கும் யுரேனஸின் முக்கிய வளையங்களை உள்ளிருந்து வெளியே வரிசைப்படுத்தினால் 6, 5, 4, ஆல்ஃபா, பீட்டா, ஈட்டா, காமா, டெல்ட்டா, எப்சிலான் என்று வருகிறது. தபால்காரர் குழம்பிப்போகும் தெரு எண்கள்போல இருக்கும் இந்த வரிசையில் விமானமும் இருக்கிறது, பெர்த்தும் இருக்கிறது, காவலூரின் தடம் மட்டும் இல்லை. பெருமைக்காக இல்லாவிட்டாலும், மூன்று இடத்துச் சாட்சியில் ஒன்று என்ற கணக்குக்காகவாவது தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் இதற்கு ஒரு பத்தி ஒதுக்கலாம். துணைக்கோள் என்று எழுதியதையும் சேர்த்தே ஒதுக்கலாம், பிள்ளைகளுக்கு அந்தப் பகுதிதான் பிடிக்கும்.

1986 ஜனவரியில் வாயேஜர் 2 யுரேனஸைக் கடந்தது. வளையங்கள் படமாகவும் வந்தன. எப்சிலான் வளையத்தின் இரு ஓரங்களிலும் கோர்டெலியா, ஒஃபீலியா என்று இரண்டு சின்னத் துணைக்கோள்கள் அதை மேய்ப்பதுபோல் சுற்றுவதும் தெரிந்தது. இன்று கணக்கில் உள்ள வளையங்கள் பதின்மூன்று. ஆனால் படங்கள் வந்துவிட்டதால் மறைப்பு வேலை ஓய்ந்துவிடவில்லை. எலியட் 1988இல் அதே பறக்கும் ஆய்வகத்திலிருந்து புளூட்டோவின் வளிமண்டலத்தை இதே வழியில் பிடித்தார். 2013இல் தென் அமெரிக்காவிலிருந்து பார்த்தவர்கள் சாரிக்லோ என்ற 250 கிலோமீட்டர் அளவுள்ள சிறு கோளுக்கு இரண்டு வளையங்கள் இருப்பதைக் கண்டார்கள். கோள்களுக்கு மட்டுமே வளையம் என்ற எண்ணம் அன்றோடு போயிற்று. நெப்டியூனுக்கு அப்பால் சுற்றும் குவாவாருக்கு 2023இல் வளையம் அறிவிக்கப்பட்டபோது, ஆதாரமான பதிவுகளில் ஆஸ்திரேலிய அமெச்சூர் வானியலாளர்களுடையவையும் இருந்தன. அதுவரை அறிந்த அடர்த்தியான வளையங்களெல்லாம் தாய்க்கோளுக்கு நெருக்கமாக, ஈர்ப்பு இழுவையால் துகள்கள் ஒன்றுசேர முடியாத எல்லைக்குள்ளே இருப்பவை. குவாவாரின் வளையம் அந்த எல்லைக்கு வெகு வெளியே, குவாவாரின் ஆரத்தைப்போல் ஏழு மடங்குக்கும் அதிகமான தூரத்தில் சுற்றுகிறது. கணக்குப்படி அந்தத் துகள்கள் சில பத்தாண்டுகளிலேயே திரண்டு துணைக்கோளாகியிருக்க வேண்டும். வளையமாகவே இருக்கின்றன.